சீனி வருத்தம் பரம்பரையா, பட்டினியா?

(இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டத் தலைவிகளுக்காக நமது சங்கத்தின் மாதர் பிரிவு நடத்திய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



மாதாந்தக் கிளினிக்கில் வரிசையில் நிற்கும்போது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "எங்க அம்மாவுக்குச் சீனி, அப்பாவுக்குச் சீனி, எனக்கும் வந்துருச்சு. பரம்பரை வியாதி, என்ன செய்யிறது?" இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். அந்தப் பாதிக்குள் நமது சம்பளமும் சமையலறையும் பிள்ளை மடுவமும் எல்லாம் அடங்கியிருக்கின்றன.

முதலில் ஒரு கணக்கு. 2005–06இல் நாடளாவிய ரீதியில் ஓர் ஆய்வு செய்தார்கள். வளர்ந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. 2018–19இல் இன்னோர் ஆய்வு செய்தார்கள். அதில் 23 சதவீதம், நாலு பேரில் ஒருவர் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. அளந்த முறையில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம். இருந்தாலும், பதின்மூன்று வருடத்தில் ஒரு நாட்டு மக்களின் பரம்பரை மாறிவிடுமா? மாறாது. அப்படியானால் மாறியது எது?

மரபணு என்ற சொல்லைப் பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். பரம்பரை அலகு என்றும் எழுதுவார்கள். நம் உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஏறக்குறைய இருபதாயிரம் மரபணுக்கள் இருக்கின்றன. இதை நம்முடைய செக்ரோலை வைத்து விளங்கிக்கொள்ளலாம். செக்ரோலில் எல்லோருடைய பெயரும் இருக்கிறது. ஆனால் காலையில் பெரட்டுக்களத்தில் யாரை எந்த மலைக்கு அனுப்புகிறார்கள், யாருக்கு இன்றைக்கு வேலை இல்லை என்பது வேறு விஷயம். ஈரலில் இருக்கும் கலத்துக்கும் தோலில் இருக்கும் கலத்துக்கும் செக்ரோல் ஒன்றுதான். வேலைக்குக் கூப்பிடப்பட்ட பெயர்கள்தான் வேறு. மரபணு ஒன்று வேலைக்குக் கூப்பிடப்படுவதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறார்கள்.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி போட்டு, "இவரைக் கூப்பிடாதே" என்று வைக்கலாம் அல்லவா? உடம்பும் அப்படிக் குறி போடுகிறது. அந்தக் குறிகளில் ஒன்றின் பெயர் மெதைல். அந்த மெதைல் நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது. கீரையிலும் பருப்பிலும் இருக்கும் ஃபோலேட், முட்டையிலும் மீனிலும் பாலிலும் இருக்கும் விற்றமின் பீ 12, முட்டை மஞ்சள் கருவில் இருக்கும் கோலின் இவைதான் அதற்கு மூலப்பொருள். அதாவது குறி போடுகிற மை, அடுப்பங்கரையிலிருந்து வருகிறது.

கொழுந்து பறிக்கும் நமக்கு இதற்கு இன்னும் கிட்டிய சாட்சி இருக்கிறது. வீ.பி. மலையைப் பாருங்கள். ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டி நட்ட பதியன்கள்தான் அத்தனை செடிகளும். பரம்பரை எல்லாவற்றுக்கும் ஒன்று. ஆனால் உரம் போட்டு, புல்லு வெட்டி, நல்ல மண்ணில் நிற்கிற செடியும் மண் கழுவிப்போன சரிவில் நிற்கிற செடியும் ஒன்று போலவா கொழுந்து கொடுக்கின்றன? நாற்று மேடையில் வாடிப்போன கன்றுக்கு நாலு வருடம் கழித்து எவ்வளவு உரம் போட்டாலும் அது மற்றச் செடியைப் பிடிக்காது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தேன்கூட்டிலும் இதுதான் நடக்கிறது. இராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே மாதிரி முட்டையிலிருந்து வருகிறவைதான். கடைசி வரை அரசப் பசை ஊட்டப்பட்ட புழு இராணியாகிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் வாட்டர்லாண்ட், ஜேர்ட்டில் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 2003இல் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள். வயிற்றில் குட்டியோடு இருந்த ஒருவகை எலிகளுக்கு ஃபோலிக் அமிலமும் பீ 12உம் கோலினும் கூட்டிக் கொடுத்தார்கள். மஞ்சள் நிறத்தில் கொழுத்துப் பிறக்க வேண்டிய குட்டிகளில் கூடுதலானவை மண் நிறத்தில், மெலிந்து, சுகமாக வளர்ந்தன. மரபணு மாறவில்லை. தாய் தின்ற தீனி, குறியை மாற்றியது.

எலி வேறு, மனுசர் வேறு என்று சொல்வீர்கள். சரிதான். மனுசரைப் பட்டினி போட்டு எவரும் ஆராய்ச்சி செய்யக் கூடாது. ஆனால் யுத்தம் அதைச் செய்தது. இந்தக் கதை ஒரு தொழிற்சங்கக் கூட்டத்தில் கட்டாயம் சொல்லப்பட வேண்டிய கதை.

1944 செப்டெம்பரில் நெதர்லாந்து நாட்டு ரயில்வேத் தொழிலாளர்கள் ஹிட்லரின் படைக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பழிவாங்க ஜெர்மன் இராணுவம் அந்த நாட்டின் மேற்குப் பகுதிக்குப் போகும் சாப்பாட்டை மறித்தது. அந்தக் குளிர்காலத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த பங்கீடு 400 முதல் 800 கலோரி வரைதான். நாம் இங்கே காலையில் சாப்பிடும் இரண்டு ரொட்டியும் சம்பலும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் முழு நாளைக்கும். ரியூலிப் பூவின் கிழங்கைத் தின்றார்கள். இருபதாயிரம் பேரளவில் செத்தார்கள். 1945 மே மாதம் விடுதலை வந்ததும் பஞ்சம் நின்றது.

அந்த மாதங்களில் தாய் வயிற்றில் இருந்த பிள்ளைகளை விஞ்ஞானிகள் விடவில்லை. பிறப்புப் பதிவேடுகளை வைத்துத் தேடிப் பிடித்து, அறுபது வயது வரை தொடர்ந்தார்கள். பஞ்ச காலத்தில் வயிற்றில் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் குளுக்கோசைத் தாங்கும் சக்தி குறைவாக இருந்தது. பஞ்சத்தின்போது கருவானவர்களுடைய வளர்ச்சி மரபணு ஒன்றில் மெதைல் குறி, அவர்களின் சொந்தச் சகோதரர்களை விடக் குறைவாக இருந்ததை 2008இல் கண்டார்கள். அறுபது வருடத்துக்குப் பிறகும் அந்தக் குறி அழியவில்லை. அந்தக் குறி ஒன்றுதான் வருத்தத்தைக் கொண்டுவந்தது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் தாயின் பட்டினி பிள்ளையின் உடம்பில் பதிவாகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஹர்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாவட்டத்தில் 1911ஆம் ஆண்டு முதல் மிட்வைஃப்மார் ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த நிறையையும் ஒரு வயதில் இருந்த நிறையையும் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். டேவிட் பார்க்கர் என்ற வைத்தியர் எழுபது எண்பது வருடம் கழித்து அந்தப் பேரேடுகளைக் கண்டுபிடித்தார். நிறை குறைந்து பிறந்தவர்கள்தான் பிற்காலத்தில் மாரடைப்பிலும் நீரிழிவிலும் அதிகமாக விழுந்தார்கள் என்பது அதிலிருந்துதான் தெரியவந்தது. மிட்வைஃப் மிஸ் எழுதித் தரும் பிள்ளையின் வளர்ச்சிப் புத்தகத்தை லயத்துக் கூரை ஒழுகி நனைய விடாதீர்கள் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வயிற்றில் என்ன நடக்கிறது? சாப்பாடு குறைவாக வரும்போது பிள்ளையின் உடம்பு முதலில் மூளையைக் காப்பாற்றுகிறது. மிச்சத்தைத்தான் மற்ற உறுப்புகளுக்குப் பங்கு போடுகிறது. இன்சுலின் சுரக்கும் கணையத்துக்குக் குறைவு, சிறுநீரகத்துக்குக் குறைவு, தசைக்குக் குறைவு. "வெளியே பஞ்சம், கிடைப்பதைச் சேர்த்து வை" என்று உடம்பு பழகிக்கொண்டு பிறக்கிறது. வெளியேயும் பஞ்சமாகவே இருந்தால் அந்தப் பழக்கம் உதவும். வெளியே சீனியும் மாவும் எண்ணெயும் தாராளமாகக் கிடைத்தால் அதே பழக்கம் ஆளைக் கவிழ்த்துவிடும். சீனியை வாங்கி வைக்கும் ஸ்டோர் நம்முடைய தசைதான். ஸ்டோர் சின்னது, சாவி வைத்திருக்கும் கணையமும் பலவீனம். சீனி இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

நம்மைப் போன்ற ஆட்களைப் பற்றியும் ஆராய்ச்சி உண்டு. இந்தியாவில் புனேயில் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக் 1993 முதல் ஆறு கிராமங்களில் தாய்மாரையும் பிள்ளைகளையும் தொடர்ந்து பார்த்து வருகிறார். தோட்டம் துரவில் நாள் முழுக்க வேலை செய்கிற தாய்மார் அவர்கள். பிள்ளைகள் சராசரி 2.7 கிலோவில் பிறந்தார்கள். இங்கிலாந்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் எலும்பும் தசையும் வயிற்று உறுப்புகளும் சிறிது. ஆனால் தோலுக்கு அடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவு குறையவில்லை. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு. "நான் ஒல்லி, எனக்கு எப்படிச் சீனி வரும்?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

அந்தத் தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பீ 12 குறைவு. ஃபோலேட் கூடுதலாகவும் பீ 12 குறைவாகவும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. இதைக் கேட்டுவிட்டு ஃபோலிக் குளிசையை யாரும் நிறுத்திவிடாதீர்கள். பிள்ளையின் முதுகெலும்புக்கும் மூளைக்கும் அது வேண்டும். கிளினிக்கில் தரும் குளிசையைக் குடியுங்கள், கூடவே நெத்தலிக் கருவாடோ முட்டையோ பாலோ சேருங்கள். கீரையில் பீ 12 கிடையாது.

இனி நம் கதைக்கு வருவோம்.

1973–74 ஞாபகம் இருக்கிற மூத்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார்கள். மாவின் விலையும் சீனியின் விலையும் ஏறின. ஊர் விட்டு ஊர் அரிசி கொண்டுபோகத் தடை. கிராமத்தில் இருந்தவர்களுக்கு ஒரு துண்டு வயல், ஒரு மரவள்ளித் தோட்டம், இரண்டு பலா மரமாவது இருந்தன. லயத்தில் இருந்த நமக்கு வாசலும் கானும் தவிர என்ன இருந்தது? வேலை நாளையும் குறைத்தார்கள். தோட்டங்களில் சாவு எண்ணிக்கை ஏறியது, சிசு மரணம் ஏறியது. அரசாங்கப் புள்ளிவிபரத்திலேயே அது இருக்கிறது. அந்த வருடங்களில் வயிற்றில் இருந்து, சாகாமல் பிழைத்த பிள்ளைகளுக்கு இன்றைக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கிறது. தெரணியகலையிலும் பெல்மதுளையிலும் சீனிக் கிளினிக் வரிசையில் நிற்கிறவர்களின் வயதைக் கேட்டுப் பாருங்கள். அவர்களிடம் போய் "நீங்கள் இனிப்பு அதிகம் சாப்பிட்டீர்கள்" என்று மட்டும் சொல்வது நியாயமா?

இது பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2016இல் அரசாங்கம் செய்த ஆய்வில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டங்களில் 32 சதவீதம். மூன்று பிள்ளைக்கு ஒரு பிள்ளை. பிறகு 2022 வந்தது. செப்டெம்பர் மாதம் உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தைத் தொட்டது. முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் 195 ரூபா. நமது நாட்சம்பளம் அதே 1000 ரூபாவில் நின்றது. அதாவது சம்பளத்தைப் பாதியாக வெட்டியதற்குச் சமம், கடிதம் மட்டும் தரவில்லை. திரிபோஷாவும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அந்த வருடம் முழுகாமல் இருந்தவர்கள் எத்தனை பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? கை தூக்கச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள்தான் இன்று நம் மடுவத்தில் விளையாடுகிறார்கள். அவர்களைப் பற்றித்தான் நாம் இப்போது யோசிக்க வேண்டும். நெதர்லாந்துக்காரர்களைப் போல அறுபது வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்? வீட்டில் செய்யக் கூடியது உண்டு, சங்கம் செய்ய வேண்டியது உண்டு.

வீட்டில் முதல் விஷயம் சீனி. இங்கிலாந்தில் யுத்த காலத்திலிருந்து சீனிக்குப் பங்கீடு இருந்தது. 1953 செப்டெம்பரில் அதை எடுத்தார்கள். சனங்கள் சாப்பிட்ட சீனி இரட்டிப்பாகியது. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பங்கீட்டுக் காலத்தில் கருவாகி இரண்டு வயது வரை அதற்குள் வளர்ந்தவர்களையும் பிறகு பிறந்தவர்களையும் ஒப்பிட்டது. முன்னவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 35 சதவீதம் குறைவு. இரத்த அழுத்தம் 20 சதவீதம் குறைவு. நாம் என்ன செய்கிறோம்? ஆறு மாதப் பிள்ளைக்குப் பிஸ்கட்டைச் சீனித் தேத்தண்ணியில் நனைத்து ஊட்டுகிறோம். அழாமல் இருக்கும், மலைக்குப் போக வசதி. நான் தாயைக் குறை சொல்லவில்லை. ஆறரை மணிக்கு மலையில் நிற்க வேண்டிய பெண்ணுக்கு வேறு என்ன வழி வைத்திருக்கிறார்கள்? ஆனாலும் இரண்டு வயது வரை சீனித் தேத்தண்ணி வேண்டாம். பிசைந்த சோறும் பருப்பும், நெத்தலித் தூளும், வாழைப்பழமும் போதும்.

இரண்டாவது, சாப்பாட்டோடு தேத்தண்ணி. நாமே பறித்து, நாமே அரைத்து, நமக்கு மிஞ்சுவது தூள்தான், அதையும் குடிக்காதே என்கிறாளா என்று கோபிக்காதீர்கள். தாராளமாகக் குடியுங்கள், ஆனால் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து. ரொட்டியோடு சாயம் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தில் பாதிக்கு மேல் உடம்பில் ஒட்டாமல் போய்விடும். இரும்புக் குளிசைக்கும் அப்படித்தான். இரத்தச் சோகை உள்ள தாய்க்குப் பிள்ளை நிறை குறைந்து பிறக்கிறது. தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யாப்பழம் இரும்பை உடம்பில் ஏற்ற உதவும்.

சப்ரகமுவவில் இருக்கிற நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. மழைக்குக் குறைவில்லை. நுவரெலியாவில் முளைக்காதது இங்கே முளைக்கும். பலாக்காய், ஈரப்பலா, முருங்கை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் கானோரத்திலேயே வரும். வெறும் கோதுமை மா ரொட்டியை நாளுக்கு மூன்று தரம் சாப்பிடுவதை விட, ஒரு வேளைக்காவது பலாக்காயோ பயறோ கௌப்பியோ குரக்கனோ இருந்தால் சீனி மெதுவாக ஏறும். ஆனால் எங்கே நடுவது? அதற்குத்தான் நிலம் கேட்கிறோம்.

மூன்றாவது, யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்பது. ஆம்பிளைகளுக்கு, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியிருப்பதைத் தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுகிறவள் வீட்டில் யார்? அவள் முழுகாமல் இருந்தாலும் அப்படித்தான். இங்கே வந்திருக்கும் தோழர்களுக்குச் சொல்கிறேன்: முட்டை ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது அவளுக்கு. திரிபோஷா பைக்கற்றும் அவளுக்கு, பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுக்க அல்ல. சம்பள நாளில் கசிப்புக்குப் போகிற காசில் எத்தனை முட்டை வாங்கலாம் என்ற கணக்கை உங்களுக்கே விடுகிறேன்.

ஏற்கெனவே சீனி வந்தவர்களும் வரப்போகிறவர்களும் பயப்பட வேண்டாம். குறிகளில் பல, வாழ்நாள் முழுக்க மாறக் கூடியவை. உடம்பை அசைத்து வேலை செய்யும்போது தசைக்குள் சீனியை ஏற்றும் மரபணு கூடுதலாக வேலைக்கு வருகிறது. இந்தியாவில் நீரிழிவு தொடங்கும் எல்லையில் இருந்தவர்களுக்குச் சாப்பாட்டையும் நடையையும் மட்டும் ஒழுங்கு செய்து மூன்று வருடம் பார்த்தார்கள். சென்னை டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. வருத்தம் வரும் வாய்ப்பு 28 சதவீதம் குறைந்தது. மருந்து இல்லாமல். நம்மில் ஆபத்து யாருக்கு என்றால், நாற்பது வருடம் மலை ஏறி இறங்கிவிட்டு, வேலையிலிருந்து நின்ற மறுநாள் லயத்து வாசலில் உட்காருகிறவர்களுக்கு. வேலை நின்றது, சோறும் சீனித் தேத்தண்ணியும் நிற்கவில்லை. கொழும்பில் கடைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போன நம் பிள்ளைகளுக்கும் இதே ஆபத்து. நிறை குறைந்து பிறந்து, கடைச் சாப்பாட்டில் வளர்கிறார்கள். முப்பது வயதானவர்கள் வீட்டுக்கு வரும்போது ஒரு தரம் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

இனிச் சங்கத்தின் பக்கம். சட்டத்தில் இருப்பதைக்கூட நாம் முழுதாக வாங்குவதில்லை. 2018இல் மகப்பேற்று நன்மைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 84 நாள் லீவு உண்டு. மூன்றாவது பிள்ளைக்குக் குறைவு என்று எந்தத் தோட்டத்திலாவது சொன்னால் அது பழைய சட்டம். பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை நாளுக்கு இரண்டு தரம் பால் கொடுக்க இடைவேளை தர வேண்டும். மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லையென்றால் ஒரு மணித்தியாலம். தூரத்து மலையில் பறிக்கும்போது மடுவத்துக்கு வந்து போகவே அரை மணித்தியாலம் ஆகிறதே என்று பல தலைவிகள் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆகவே பால் கொடுக்கும் தாய்மாருக்கு மடுவத்துக்குக் கிட்டிய மலையைத் தர வேண்டும் என்று கேட்கிறோம்.

கர்ப்பம் பதிவான நாளிலிருந்து இலகுவான வேலை. நிறை குறைந்தாலும் பேரை அரைப்பேராக்கக் கூடாது. கிளினிக் நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது. மடுவத்தில் பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு வேளை சமைத்த சாப்பாடு. குடும்பத்துக்கு மரக்கறி நட அளந்து கொடுத்த நிலம், வாய்ப்பேச்சில் அல்லாமல் கடிதத்தோடு. இவை ஐந்தும் இன்றைய தீர்மானத்தில் இருக்கின்றன. செயலாளர் இப்போது வாசிப்பார். வாசித்து முடிந்ததும் ஒவ்வொரு தோட்டத் தலைவியும் தன் தோட்டத்தில் இப்போது முழுகாமல் இருப்பவர்கள் எத்தனை பேர், 2022இலும் 2023இலும் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த மாதம் நிறைகளையும் சேர்த்து எழுத வேண்டும், வளர்ச்சிப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.